கே2-18பி-யில் உயிர் என்று வந்த செய்தி: எவ்வளவு நம்பலாம்? (பூமி போன்ற கோள்கள் – பொது இழை)

#1 – அரைத்தூக்கம்

எல்லாருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல்ல "124 ஒளியாண்டு தூரத்துல உயிர்"னு ஒரு செய்தி பரபரன்னு ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? கே2-18பி-ங்கற கோள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி டைமெத்தில் சல்ஃபைடுன்னு ஒரு வாயுவோட தடயத்தைப் பார்த்துச்சாம். பூமியில அதைக் கடல்ல மிதக்குற நுண்பாசிதான் உண்டாக்குது, அதனால அங்கயும் கடல், அங்கயும் பாசி... இப்படியே போச்சு. அப்புறம் சத்தமே இல்லை. என்னதான் ஆச்சு? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுங்க. இணைப்பை மட்டும் போட்டுட்டு ஓடிடாதீங்க, புண்ணியமாப் போகும்.

#2 – ஐயப்பாடு

புரளி.

#3 – நிறமாலை

புரளி என்று தள்ளிவிட முடியாது. கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு முறையாக அளந்து, முறையாகக் கட்டுரையாக வெளியிட்ட விஷயம் அது. ஆனால் அவர்களே எழுதியது மூன்று சிக்மா. அதாவது நிறவாரியாகப் பிரித்த ஒளியின் வரைபடத்தில் வெறும் இரைச்சலே தற்செயலாக அப்படியொரு மேடுபள்ளத்தைக் காட்டியிருக்க ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. இயற்பியலில் 'கண்டுபிடித்தோம்' என்று சொல்ல ஐந்து சிக்மா கேட்பார்கள். அது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு.

எனக்கு உறுத்துவது அந்த எண்ணைவிட, அது எப்படி வந்தது என்பதுதான். சில மூலக்கூறுகளை மட்டும் பட்டியலில் வைத்து, இவற்றுள் எது பொருந்துகிறது என்று கேட்டால் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். பட்டியலை நீட்டிப் பார்த்த மற்ற குழுக்களுக்கு வேறு பல ஹைட்ரோகார்பன்களும் அதே அளவு பொருந்தின. இன்னொரு ஆய்வில், எந்த வாயுவும் இல்லாத ஒரு நேர்க்கோடே அந்தத் தரவுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்தக் கோளுக்கு இது முதல் தடவையும் இல்லை. 2019-ல் ஹபிள் தொலைநோக்கியின் தரவை வைத்து "நீராவி கண்டோம்" என்று இரண்டு குழுக்கள் அறிவித்தன. 2023-ல் வெப் பார்த்தபோது மீத்தேன் தெளிவாகத் தெரிந்தது, கார்பன் டை ஆக்சைடின் தடயமும் இருந்தது, நீராவி தென்படவில்லை. ஹபிள் பார்த்த அந்த மேடு பெரும்பாலும் மீத்தேனுடையது.

இன்னொன்று. இதைப் பூமி போன்ற கோள்களின் வரிசையில் வைப்பதே சரியில்லை. எடை பூமியைப்போல் 8.6 மடங்கு, ஆரம் 2.6 மடங்கு, மேலே தடித்த ஹைட்ரஜன் போர்வை. உள்ளே கடல் இருக்கலாம், உருகிய பாறை இருக்கலாம், தரை என்று ஒன்றே இல்லாத குட்டி நெப்டியூனாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் இப்போதைக்கு இடமுண்டு.

#4 – கடல்நுரை

நிறமாலை சொன்னதோடு வேதியியல் பக்கத்திலிருந்து ஒன்று. அந்த வாயு உண்மையிலேயே அங்கே இருக்கிறது என்று நாளை நிரூபணமானாலும் உயிர் என்று அர்த்தமில்லை. 67பி என்ற வால்மீனுக்குப் போன ரொசெட்டா விண்கலத்தின் தரவில் டைமெத்தில் சல்ஃபைடு இருந்தது 2024-ல் தெரியவந்தது. வால்மீனில் ஏது பாசி? ஆய்வகத்திலும், சில எளிய வாயுக் கலவைமேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியே அதை வரவழைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

பூமியில் ஒரு வாயுவை உயிர்தான் உண்டாக்குகிறது என்றால், பூமியின் சூழலில் அதற்கு வேறு வழி திறக்கவில்லை என்றுதான் பொருள். ஹைட்ரஜன் நிறைந்த வேற்றுக்கோளில் எத்தனை வழி திறந்திருக்கிறதோ, யார் கண்டது?

#5 – கிறுக்கன்2000

சரி, கே2-18பி போனாப் போகுது. அதான் 6000 கோள் கண்டுபிடிச்சாச்சே. அதுல ஒண்ணுகூடவா பூமி மாதிரி இல்லை? சும்மா சீன் போடாதீங்கப்பா.

#6 – நிறமாலை

கிறுக்கன், 2025 செப்டம்பரில் 6000-ஐத் தாண்டியது எல்லா வகைப் புறக்கோள்களையும் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை) சேர்த்த கணக்கு. வியாழனைவிடப் பெரியவை, விண்மீனை உரசிக்கொண்டு நாலு நாளில் சுற்றி வருபவை எல்லாம் அதில் அடக்கம். 1995-ல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் கண்டுபிடித்த 51 பெகாசி பி அப்படிப்பட்டதுதான். 2019-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான்.

சூரியன் போன்ற ஒரு விண்மீனை ஏறத்தாழ ஓராண்டில் சுற்றும், பூமி அளவுள்ள, எடையும் அளந்து உறுதிசெய்த கோள் ஒன்றுகூட இன்னும் கையில் இல்லை. அது இல்லாததால் அல்ல, நம் கருவிகளுக்கு எட்டாததால். வெகு தொலைவிலிருந்து யாரோ நம் சூரியனைக் கண்காணிக்கிறார்கள் என்று வையுங்கள். பூமி சூரியனைக் குறுக்கே கடப்பதை அவர்கள் பார்க்க வேண்டுமானால் நம் சுற்றுப்பாதைக்கு நேர்க்கோட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு வாய்ப்பு 200-ல் 1. அப்படியே இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு தடவை, 13 மணி நேரம், சூரிய ஒளி குறைவது 0.0084 சதவீதம். பூமியின் ஈர்ப்பால் சூரியன் தள்ளாடுவதை அளக்கலாம் என்றால் அந்த வேகம் நொடிக்கு 9 சென்டிமீட்டர். கொதித்துக் குமுறும் ஒரு வாயுப் பந்தின் பரப்பில் அதைப் பிரித்தறிய வேண்டும்.

கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி இதற்காகவே 2009-ல் போனது. ஏறத்தாழ 1,50,000 விண்மீன்களை இமைக்காமல் பார்த்தது. ஆனால் அந்த விண்மீன்களின் ஒளி எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாகவே ஏறி இறங்கியது. போதாக்குறைக்கு 2013-ல் அதன் திசைநிறுத்தும் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானது. இன்னும் சில ஆண்டுகள் ஓடியிருந்தால் கதை வேறு. சூரியன் போன்ற விண்மீன்களில் ஏறத்தாழ பாதிக்குப் பூமி போன்ற பாறைக்கோள் இருக்கலாம் என்று 2020-ல் வந்த மதிப்பீடுகூட, பார்த்ததை வைத்துப் பார்க்காததற்கு நீட்டிய கணக்குதான்.

#7 – ஐயப்பாடு

நான் ஒற்றைச் சொல்லில் முடித்தது எரிச்சலால். காரணத்தைச் சொல்கிறேன்.

செய்தியில் 'பூமி போன்ற கோள்' என்று வரும்போது அந்தக் கோளைப் பற்றி உண்மையில் நம்மிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டே எண்கள்: ஆரம், அதன்மேல் விழும் ஒளியின் அளவு. அதிர்ஷ்டம் இருந்தால் மூன்றாவதாக எடை. இந்த எண்களை வைத்துக்கொண்டு வெள்ளியைப் பாருங்கள். ஆரம் பூமியில் 95 சதவீதம், எடை 82 சதவீதம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குப் பூமியும் வெள்ளியும் அண்ணன் தம்பி. கிட்டப் போனால் தரையில் 460 டிகிரி செல்சியஸ், அழுத்தம் நம்மைப்போல் 90 மடங்கு, மேகம் கந்தக அமிலம். ஓவியர் வரைந்த நீலக்கடலையும் வெண்மேகத்தையும் அந்த இரண்டு எண்களோடு சேர்த்து அச்சிடுகிறார்களே, அதுதான் என் கோபம்.

#8 – வடலி

ஐயப்பாடு சொல்லுறது நியாயம். எனக்கும் கனநாளா ஒரு கேள்வி. முதல்ல அங்க காத்து எண்டு ஒண்டு இருக்கோ இல்லையோ எண்டே தெரியாமல், உயிர் இருக்கோ எண்டு கதைக்கிறம். காத்து இருக்கிறதை மட்டும் தனியா நிச்சயப்படுத்த ஏலாதோ? ட்ராப்பிஸ்ட்-1 எண்டு ஏழு கோளோட ஒண்டு இருக்கெல்லோ, அதைப் பற்றி ஆராவது சொல்லுங்கோ.

#9 – நிறமாலை

வடலி, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ட்ராப்பிஸ்ட்-1 கும்ப விண்மீன் கூட்டத்தில், 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் ஒரு சிவப்புக் குள்ளன், அதாவது மங்கலான சிறு விண்மீன். எடை சூரியனில் 9 சதவீதம், உருவம் வியாழனைவிடச் சற்றே பெரிது. 2017-ல் ஏழு பாறைக்கோள்களை அறிவித்தார்கள். விண்மீன் சிறியதாக இருப்பதால் பூமி அளவுக் கோள் கடக்கும்போது ஒளி ஏறத்தாழ அரை சதவீதம் குறைகிறது. சூரியன்-பூமி இணையைவிட ஏறத்தாழ 60 மடங்கு எளிது. வாழ்தகு மண்டலத்தில் (நீர் திரவமாக இருக்கக்கூடிய தூரத்தில்) இருக்கும் e என்ற கோளுக்கு ஆண்டு என்பது ஆறே நாள், ஆகவே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பால்வெளியில் ஏறத்தாழ நாலில் மூன்று விண்மீன்கள் இந்த வகை. இப்போதைய கருவிகளால் வாழ்தகு மண்டலப் பாறைக்கோளின் காற்றைத் தேட முடிவது இந்தக் குள்ளன்களிடம் மட்டும்தான்.

ஆனால் இவர்கள் பொல்லாதவர்கள். இளமையில் பல கோடி ஆண்டுகள் இன்றைவிடப் பிரகாசமாக எரிந்திருப்பார்கள். இன்று இதமான இடத்தில் இருக்கும் கோள் அன்று வெந்து, நீர் ஆவியாகி, விண்வெளிக்குப் போயிருக்கலாம். அதன் பிறகும் வெடிப்புகள், எக்ஸ் கதிர். நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்ஸிமா செந்தாரியும் இப்படித்தான். அதன் கோள் 2016-லேயே தெரியும், ஆனால் அது விண்மீனைக் கடப்பதை நம்மால் பார்க்க முடியாததால் காற்றை அளக்கும் இந்த வழி அங்கே அடைபட்டிருக்கிறது.

சரி, காற்று இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு வழி, வெப்பத்தை அளப்பது. இந்தக் கோள்கள் எப்போதும் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். காற்று இருந்தால் பகல் பக்கத்துச் சூட்டை இரவுப் பக்கத்துக்குக் கொண்டுபோகும், பகல் பக்கம் சற்றுக் குளிரும். கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது எவ்வளவு அகச்சிவப்பு ஒளி குறைகிறது என்று அளந்தால் பகல் பக்கத்தின் சூடு தெரிந்துவிடும். 2023-ல் ட்ராப்பிஸ்ட்-1-இன் b என்ற கோளின் பகல் பக்கம் ஏறத்தாழ 230 டிகிரி வந்தது. காற்றே இல்லாத கரும்பாறைக்கு எதிர்பார்க்கும் சூடு அது. அடுத்த கோள் c ஏறத்தாழ 110 டிகிரி. வெள்ளியிடம் இருப்பதுபோன்ற தடித்த கார்பன் டை ஆக்சைடு போர்வை அதற்கு இல்லை.

இன்னொரு வழி, கோள் கடக்கும்போது அதன் விளிம்புக் காற்றில் வடிகட்டி வரும் ஒளியைப் பிரித்துப் பார்ப்பது. e-க்கு இதைத்தான் செய்கிறார்கள். இங்கேதான் தொல்லை. இந்த விண்மீனின் முகம் முழுக்கப் புள்ளிகள். சில இடம் சூடு, சில இடம் குளிர்ச்சி. குளிர்ந்த புள்ளிகளில் நீராவியே இருக்கும், விண்மீனிலேயே! மஞ்சள் விளக்கின் கீழே துணியின் நிறம் பார்க்கிற கதைதான்: தெரிவது துணியின் நிறமா, விளக்கின் நிறமா? 2025 செப்டம்பரில் e-யின் முதல் நான்கு கடப்புகளை வைத்து வந்த முடிவு, ஹைட்ரஜன் போர்வை இல்லை என்பதுவரை சொன்னது. ஹைட்ரஜனைவிடக் கனமான வாயுக்களாலான காற்று இருக்கிறதா, வெறும் பாறையா என்று பிரிக்க முடியவில்லை.

இதற்கு ஒரு அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். b-யும் e-யும் அடுத்தடுத்துக் கடக்கும் நேரமாகப் பார்த்துப் படம் எடுப்பது. b-க்குக் காற்று இல்லை என்று எடுத்துக்கொண்டால், அதன் கடப்பில் தெரியும் மேடுபள்ளம் அத்தனையும் விண்மீனுடையது. அதை e-யின் தரவிலிருந்து கழித்துவிடலாம். காற்றில்லாத கோளையே அளவுகோலாக ஆக்கிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

#10 – வடலி

நல்லா விளங்கினது, நன்றி. b-க்கு காத்து இல்லை எண்டு கேட்டு முதல்ல கவலைப்பட்டன். இப்ப பார்த்தால் அதுவும் உதவுது.

#11 – கிறுக்கன்2000

இவ்ளோ கஷ்டப்படுறதுக்கு நேரா ரேடியோல கூப்பிட்டுப் பார்த்துடலாமே? 1977-ல 72 செகண்ட் ஒரு சிக்னல் வந்துச்சே, அதைப் பார்த்த வானியலாளர் 'வாவ்'னு பக்கத்துல எழுதிவச்சாரே! அதெல்லாம் மூடி மறைச்சுட்டாங்க. பறக்கும் தட்டு விஷயமும் அப்படித்தான்...

#12 – மட்டுறுத்துநர்

பறக்கும் தட்டுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். ரேடியோ தேடல் இங்கே பொருந்தும், அதைப் பேசலாம்.

#13 – ஐயப்பாடு

யாரும் மறைக்கவில்லை. அதே திசையில் பலமுறை தேடினார்கள், திரும்ப வரவில்லை, அவ்வளவுதான். 1960-ல் வானியலாளர் பிராங்க் டிரேக் இரண்டு விண்மீன்களை நோக்கிக் காதைத் திருப்பியதிலிருந்து ரேடியோ தேடல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ரேடியோ அனுப்பும் உயிர் வேண்டும் என்றால், பூமியே தன் 450 கோடி ஆண்டில் கடைசி நூற்றுச் சொச்சம் ஆண்டில்தான் தேறும். நுண்ணுயிரைத் தேடுவதற்கு அது உதவாது.

#14 – அரைத்தூக்கம்

அப்போ எதைப் பார்த்தா நம்புவீங்க? காற்று இருக்குன்னே வச்சுப்போம். அதுல என்ன இருந்தா உயிர்னு ஒத்துக்கலாம்? கடல்நுரை அக்கா, நீங்க சொல்லுங்க.

#15 – கடல்நுரை

ஒரே ஒரு வாயுவைப் பார்த்து ஒத்துக்கொள்ள மாட்டேன். சேர்ந்து இருக்கக் கூடாத இரண்டு சேர்ந்து இருந்தால் நிமிர்ந்து உட்காருவேன்.

1965-லேயே விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் சொன்ன யோசனைதான். நம் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், கூடவே கொஞ்சம் மீத்தேன். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். காற்றில் கலந்த மீத்தேன் பத்தாண்டுக்கு மேல் தாங்காது. இருந்தும் இரண்டும் குறையாமல் இருக்கிறது என்றால், யாரோ இரண்டையும் நிற்காமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறார்கள். எரிமலை மட்டுமே இந்த அளவுக்குச் செய்வது கடினம்.

இதைப் பூமியிலேயே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வியாழனுக்குப் போகிற வழியில் கலிலியோ விண்கலம் 1990 டிசம்பரில் பூமியை ஒட்டிப் போனது. வானியலாளர் கார்ல் சேகனும் கூட்டாளிகளும் அதன் கருவிகளைப் பூமிப்பக்கம் திருப்பி, ஒன்றும் தெரியாதவர்கள்போல் தரவைப் படித்தார்கள். ஆக்சிஜன் தெரிந்தது, மீத்தேன் தெரிந்தது. இலையின் பச்சையம் சிவப்பை விழுங்குவதும், இலை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதும் தெரிந்தது. செயற்கை ரேடியோ அலையும் கேட்டது. 1993-ல் கட்டுரை வந்தது. பூமி தேர்வில் பாஸ்.

ஆனால் அந்த விண்கலம் 300 கோடி ஆண்டு முன்னால் வந்திருந்தால்? அப்போதும் இங்கே நுண்ணுயிர் இருந்தது, குறைந்தது 350 கோடி ஆண்டுக்குத் தடயம் உண்டு. ஆக்சிஜன்? ஏறத்தாழ 240 கோடி ஆண்டு முன்புதான் காற்றில் சேர ஆரம்பித்தது, அதற்குப் பிறகும் நூறு கோடி ஆண்டுக்குமேல் மிகக் குறைந்த அளவிலேயே கிடந்தது. நிலத்தில் பச்சை பரவியது ஐம்பது கோடி ஆண்டுக்குள்தான். ஆக, உயிரோடு இருந்த காலத்தில் பெரும்பகுதி பூமியே இந்தத் தேர்வில் ஃபெயில் ஆகியிருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நிறமாலை சொன்ன வெந்துபோன கோளில், நீராவியைப் புற ஊதாக் கதிர் உடைத்து, லேசான ஹைட்ரஜன் தப்பிப் போய்விடும், கனமான ஆக்சிஜன் தங்கிவிடும். உயிரே இல்லாமல் ஆக்சிஜன் நிறைந்த காற்று! ஆகவே சிவப்புக் குள்ளனின் கோளில் ஆக்சிஜன் மட்டும் தெரிந்தால் நான் கைதட்ட மாட்டேன்.

#16 – அரைத்தூக்கம்

இருந்தா தெரியாது, தெரிஞ்சா இருக்காது. நல்லா இருக்கு போங்க! சூரியன் மாதிரி விண்மீனோட கோளை நேராவே படம் எடுக்க வழி இல்லையா? இல்ல, ஒரு விண்கலம் அனுப்பிட்டா?

#17 – நிறமாலை

விண்கலம் என்றால், வாயேஜர் 1 போகும் வேகத்தில் பிராக்ஸிமாவை எட்ட ஏறத்தாழ 75,000 ஆண்டு. அதை விடுங்கள்.

படம் எடுக்கலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியன் பூமியைவிட ஆயிரம் கோடி மடங்கு பிரகாசம். விண்மீனின் ஒளியை மட்டும் தொலைநோக்கிக்கு உள்ளேயே மறைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் புள்ளியை விட்டுவைக்க வேண்டும். அதற்காகவே நாசா திட்டமிடுவதுதான் 'வாழ்தகு உலகங்கள் ஆய்வகம்'. அமெரிக்க வானியலாளர்களின் 2021-ஆம் ஆண்டுப் பத்தாண்டுத் திட்ட அறிக்கை கேட்டது: ஏறத்தாழ 6 மீட்டர் கண்ணாடி, ஏறத்தாழ 25 வாழ்தகு கோள்களைப் பார்க்கும் திறன், 2040-களில் ஏவுதல்.

#18 – ஐயப்பாடு

25 என்ற எண் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது தோற்றாலும் ஏதாவது சொல்லும். 25 கோளையும் ஒழுங்காகப் பார்த்து ஒன்றில்கூட உயிர்த் தடயம் இல்லை என்றால், இப்படிப்பட்ட கோள்களில் உயிருள்ளவை ஏறத்தாழ 11 சதவீதத்துக்கும் குறைவு என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். (ஒவ்வொன்றிலும் இல்லாமலிருக்க வாய்ப்பு 0.89 என்றால் 25 தடவை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.05 வரும்.) 'தேடுகிறோம், தேடுகிறோம்' என்று இழுத்துக்கொண்டே போவதைவிட இது எவ்வளவோ மேல். செய்தியாளர்கள் இதைத் தலைப்பாகப் போட மாட்டார்கள், அது வேறு விஷயம்.

#19 – கடல்நுரை

உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது ஐயப்பாடு. உயிர் இருந்தால் நம் கண்ணுக்குக் கட்டாயம் தெரியும் என்று வைத்துக்கொண்டால்தான் 11 சதவீதம். பழைய பூமி போன்ற கோள்கள் நம்மிடம் தப்பிவிடும் என்றால், உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகும். பாதி தப்பிவிடும் என்றால் இருமடங்கு.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கோள் என்பதோடு, எந்த நிற ஒளியில் பார்க்கப் போகிறோம் என்பதும்தான். ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்த அந்த நடுக்காலப் பூமியில்கூட ஓசோன் இருந்திருக்கும், அது 250 நானோமீட்டர் பக்கம் புற ஊதாவை அழுத்தமாக விழுங்கும். சாதாரண ஒளியில் ஆக்சிஜன் தெரியாத கோள், புற ஊதாவில் ஓசோனைக் காட்டிக்கொடுக்கும். அதற்கும் முந்தைய காலத்துக்கு, மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் நிறைய இருந்து கார்பன் மோனாக்சைடு இல்லாதிருந்தால் சந்தேகப்படலாம். அதற்கு அகச்சிவப்பு வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று புற ஊதாவை வெட்டிவிட்டால், 25 கோளைப் பார்த்தும் பாதி விடையோடுதான் வருவார்கள்.

#20 – அரைத்தூக்கம்

வெப் தொலைநோக்கியிலயே புற ஊதா பார்க்க முடியாதா? ஏன் இன்னொண்ணு?

#21 – நிறமாலை

முடியாது. வெப்பின் கண்ணாடி தங்கப்பூச்சு. தங்கம் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பும், நீலத்தையும் அதற்கு அப்பாலும் விழுங்கிவிடும் (தங்கம் மஞ்சளாகத் தெரிவதே அதனால்தான்). புற ஊதாவுக்கு ஹபிளில் இருப்பதுபோல அலுமினியப் பூச்சு வேண்டும். அதன்மேல் காற்றுப்பட்டு ஆக்சைடு படியாமல் காக்க ஒரு மெல்லிய ஃபுளோரைடு பூச்சும் வேண்டும். அதே சமயம் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒளியைப் பிரிக்க, கண்ணாடிப் பரப்பு முழுக்க அந்தப் பூச்சு சீராக இருந்தாக வேண்டும். கடல்நுரை கேட்பதற்கும் நான் முன்னே சொன்ன ஒளி மறைப்புக்கும் நடுவில் இழுபறி அங்கேதான்.

#22 – வடலி

அப்ப 2040 வரைக்கும் ட்ராப்பிஸ்ட் e-தான் எங்களுக்கு. அடுத்த தரவு வந்தால் இஞ்சையே போடுங்கோ நிறமாலை, புது இழை தொடங்காதேங்கோ.